பெட்டியை வரைந்தவர்

பிளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் திரிந்துகொண்டிருந்த நாட்களில் மதுரையில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். 1990-களின் நடுப்பகுதி. கடையின் முக்கால்வாசி வருமானம் மஞ்சள் பையில்தான். கல்யாண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கிற அதே பை. ஒருபக்கம் மணமக்கள் பெயர், மண்டபம், தேதி. மறுபக்கம் பிள்ளையார்.

பிள்ளையாருக்கு இரண்டு ஸ்கிரீன். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் துணியில் மருந்து பூசிக் காயவிட்டு, மேலே ஃபிலிமை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் கழுவினால் படம் இருக்கும் இடம் மட்டும் திறந்துகொள்ளும். சட்டத்தைப் பையின் மீது பொருத்தி, மையை ஊற்றி, ரப்பர் பிடித்த கட்டையால் ஓர் இழுப்பு. முதல் ஸ்கிரீனில் பச்சைக் கோடுகள். அது காய்ந்தபின் இரண்டாவதில் சிவப்பு. இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். அதற்கு ‘ரிஜிஸ்டர்’ என்று பெயர். ஒருநாள் நான் பை உட்கார வேண்டிய இடத்தைக் காட்டும் அட்டையைச் சரியாக ஒட்டாமலே 200 பைகளை அடித்துத் தள்ளிவிட்டேன். நெற்றியில் விழ வேண்டிய சிவப்பு தும்பிக்கையில் விழுந்திருந்தது. முதலாளி ஒரு பையை எடுத்து விரித்துப் பார்த்தார். “தம்பி, இது பிள்ளையாரா, ஜலதோஷம் பிடித்த யானையா?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியைச் சனிக்கிழமைச் சம்பளம் சொன்னது.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஸ்கிரீனில் அடித்த நடிகை மர்லின் மன்றோவின் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது, அந்த வேலையை விட்ட பிறகு, நூலகத்தில் புரட்டிய ஒரு தடித்த புத்தகத்தில். பரவசம் எதுவும் வரவில்லை. பழைய பயம்தான் வந்தது. உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டியிருந்தது. இமை நீலம் இமையில் நிற்கவில்லை. மஞ்சள் கூந்தல் தலையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. ‘ரிஜிஸ்டர் விலகியிருக்கிறதே, இந்த ஆளின் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்களோ’ என்றுதான் நினைத்தேன். அந்த வரிசையில் 1964-இல் செய்த ஒரு மர்லின் 2022 மே மாதம் நியூயார்க் ஏலத்தில் 19.5 கோடி டாலருக்குப் போனது. என் முதலாளி இருந்திருந்தால் அவரிடம் இந்தச் செய்தியைக் காட்டியிருப்பேன்.

விளம்பரம், சினிமா, கடைச்சரக்கு இவற்றின் படங்களை எடுத்து ஓவியமாக்கும் இந்தப் பாணிக்குப் பாப் ஆர்ட் என்று பெயர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘இயந்திரம்’ என்ற சொல்லில் போய் நிற்பார்கள். அதற்கு வழி விட்டவரே வார்ஹோல்தான். தான் ஓர் இயந்திரமாக இருக்க விரும்புவதாக 1963-இல் ஒரு பேட்டியில் சொல்லி வைத்தார். ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப அடிப்பது, உணர்ச்சி காட்டாமல் இருப்பது, ஓவியக்கூடத்துக்கு ‘ஃபாக்டரி’ என்று பெயர் வைப்பது எல்லாம் அதற்குத் தோதாக அமைந்துவிட்டன. கையால் ஸ்கிரீன் இழுத்தவனுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இயந்திரம் எங்கே இருக்கிறது? இரண்டு கை, ஒரு கட்டை, முதுகுவலி. ஒவ்வோர் இழுப்பும் வேறு மாதிரி விழும். மை கூடினால் அப்பும். துணிக்கண் அடைத்துக்கொண்டால் படம் தேய்ந்து வெளுக்கும்.

லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மர்லின் டிப்டிக்’ (இரட்டைப் பலகைப் படம்) 1962-ஆம் ஆண்டு வேலை. அந்த ஆகஸ்டில் மன்றோ இறந்துபோனார். சில வாரங்களுக்குள் வார்ஹோல், 1953-இல் வந்த ஒரு சினிமாவின் விளம்பரப் புகைப்படத்தை எடுத்து ஸ்கிரீனாக்கினார். இடப்பக்கம் 25 முகங்கள் வண்ணத்தில். வலப்பக்கம் 25 முகங்கள் கறுப்பில். கறுப்புப் பக்கத்தில் ஒரு வரிசை மை அப்பிக் கறுத்துப் போயிருக்கும். அதிலிருந்து வலது ஓரம் போகப் போக முகம் மங்கி, கடைசியில் ஆவி மாதிரி நிற்கும். புகழ் கரைவதும் உயிர் பிரிவதும் அதில் தெரிவதாக விமரிசகர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதலில் தெரிவது, இடையில் ஸ்கிரீனைத் துடைக்காமல் அடித்த ஒருவரின் அவசரம். துடைக்க வேண்டாம் என்று முடிவு செய்ததுதான் வார்ஹோலின் கலை. எங்கள் கடையில் கழிவுக் கூடைக்குப் போகிற தாளை அவர் சுவரில் மாட்டினார். மாட்டியதும் அது மரணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. இரண்டு வாசிப்பும் ஒரே படத்தில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

பெரும்பாலானோர் மறந்துவிடும் ஒன்று: அவரைப் பிரபலமாக்கிய சூப் டப்பாக்கள் அச்சிட்டவையே அல்ல. 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபெரஸ் கேலரியில் வைத்த 32 கேம்பெல்ஸ் டப்பாக்களும் கையால் தீட்டியவை. சூப்பில் 32 வகை, ஆகவே 32 கித்தான், அதாவது ஓவியம் தீட்டும் துணி. ஒவ்வொன்றும் 20 அங்குல உயரம், 16 அங்குல அகலம். மளிகைக்கடை அலமாரி மாதிரி சுவரில் ஒரு மெல்லிய பலகை அடித்து வரிசையாக நிறுத்தினார்கள். டப்பாவின் அடிவிளிம்பில் சுற்றி வரும் பூ அச்சை ஒரு முத்திரையால் ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறார். அசல் லேபிளின் நடுவே இருக்கும் பதக்கத்தின் நுணுக்கத்தில் அவர் மெனக்கெடவே இல்லை. வெறும் மஞ்சள் வட்டத்தோடு விட்டுவிட்டார். விலை தலைக்கு 100 டாலர். ஐந்தாறுதான் விற்றன. அருகில் இருந்த இன்னொரு கேலரிக்காரர் ஜன்னலில் நிஜ சூப் டப்பாக்களை அடுக்கி, எங்களிடம் இதைவிட மலிவு என்று கேலி செய்தார். கேலரி நடத்திய இர்விங் ப்ளம் விற்றவற்றையும் திரும்ப வாங்கி, முழுத் தொகுதியையும் 1,000 டாலருக்குத் தானே வைத்துக்கொண்டார். அதையும் மாதம் 100 டாலர் தவணையில். இன்று அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வார்ஹோல் ஸ்கிரீனுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். 1963-இல் உதவிக்குச் சேர்த்துக்கொண்ட ஜெரார்ட் மலாங்கா என்ற இளம் கவிஞருக்குத் துணியில் ஸ்கிரீன் அடித்த அனுபவம் ஏற்கனவே இருந்தது. சம்பளம் மணிக்கு ஒன்றேகால் டாலர். நியூயார்க்கின் அன்றைய குறைந்தபட்சக் கூலி. உலகத்து அருங்காட்சியகங்களில் ‘வார்ஹோல்’ என்று பெயர்ப்பலகையுடன் தொங்கும் எத்தனையோ படங்களில் கட்டையின் ஒரு முனையை மலாங்காதான் பிடித்திருந்தார். இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்துதான் பாப் ஆர்ட்டில் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. படத்தை விட்டுவிட்டு, படத்தின் ஓரத்தில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் வந்து நிற்பவர் ஜேம்ஸ் ஹார்வி.

1964 ஏப்ரலில் நியூயார்க் ஸ்டேபிள் கேலரியில் வார்ஹோலின் பெட்டிகள் கண்காட்சி திறந்தது. தச்சரிடம் கொடுத்துச் செய்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள். அவற்றுக்கு வண்ணம் அடித்து, ஆறு வகைச் சரக்குப் பெட்டிகளின் அச்சை ஸ்கிரீனில் இழுத்திருந்தார்கள். ஹைன்ஸ் கெச்சப், கெல்லாக்ஸ் கார்ன்ஃப்ளேக்ஸ், டெல் மான்டே பீச் பழம் என்று கேலரி முழுக்க அடுக்கி வைத்ததில் ஆட்கள் சந்து சந்தாக ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது. எல்லோர் கண்ணும் பட்டது பிரில்லோ பெட்டியில். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாருக்கான அட்டைப்பெட்டி அது. இரண்டு சிவப்புப் பட்டைகளின் நடுவே ஆறு மாதிரி வளைந்து ஓடும் வெள்ளை, நீலத்திலும் சிவப்பிலும் எழுத்து. பார்த்தால் பளிச்சென்று கழுவி வைத்த மாதிரி இருக்கும்.

அந்த நிஜப் பெட்டியை 1961-இல் வடிவமைத்தவர் ஹார்வி. பகலில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் பெட்டியும் லேபிளும் வரைந்து பிழைத்தார். மற்ற நேரத்தில் கனமான, தீவிரமான அரூப ஓவியங்கள் தீட்டினார். அந்த ஓவியங்களுக்கு நியூயார்க்கிலேயே கண்காட்சி நடந்திருக்கிறது. தன்னை ஓவியன் என்று நம்பிய அவர் பெட்டி வேலையை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார். ஸ்டேபிள் கேலரிக்குள் நுழைந்து பார்த்தால், தன் ஓவியத்தைத் திரும்பிப் பார்க்காத ஊர், தன் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறது. அதுவும் நூற்றுக்கணக்கான டாலர் விலையில். அவர் வழக்குப் போடவில்லை. 1965-இல் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அதே கண்காட்சியைப் பார்த்த ஆர்தர் டான்டோ என்ற தத்துவப் பேராசிரியர், கடையில் இருக்கும் பெட்டிக்கும் கேலரியில் இருக்கும் பெட்டிக்கும் கண்ணால் காண முடிகிற வித்தியாசம் இல்லையென்றால் ஒன்றை மட்டும் கலையாக்குவது எது என்று கேட்டார். அந்த ஆண்டே எழுதிய கட்டுரையில் தொடங்கி வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியை விடவில்லை. நல்ல கேள்விதான். ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பெட்டி ‘சும்மா ஒரு பெட்டி’ இல்லை. ஆறு வகைப் பெட்டிகள் அங்கே இருந்தன; எல்லோரும் பிரில்லோவைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். ஏன்? அதை வரைந்தவன் கெட்டிக்காரன். வார்ஹோல் அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் டான்டோவே ஹார்வியைப் பற்றி எழுதி, அந்த வடிவமைப்பின் சிறப்பை மனம்விட்டுப் பாராட்டினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெட்டியின் பின்கதை இன்னும் வேடிக்கையானது. 1965-இல் ஒரு கேலரிக்காரர் வார்ஹோல் பெட்டிகளைக் கனடாவுக்கு வரவழைத்தபோது, சுங்க அதிகாரிகள் இது சிற்பம் இல்லை, சரக்கு, வரி கட்டு என்றார்கள். கனடா தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநரும் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, சிற்பம் இல்லை என்றே சொல்லிவிட்டார். 1987-இல் வார்ஹோல் இறந்தார். 1990-இல் ஸ்வீடனில் ஓர் அருங்காட்சியக இயக்குநர் நூற்றுக்கும் மேற்பட்ட பிரில்லோ பெட்டிகளைத் தச்சர்களை வைத்துச் செய்வித்தார். அவற்றில் பல 1968-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்ற சான்றோடு சந்தைக்கு வந்தன. 2007-இல் குட்டு உடைந்தது. யோசித்துப் பாருங்கள். ஹார்வியின் பெட்டிக்கு வார்ஹோல் செய்தது நகல். அந்த நகலுக்கு ஒரு போலி. போலி என்று தெரிந்ததும் பெரிய ஆத்திரம். முதல் பெட்டிக்காரருக்காக அப்படி ஆத்திரப்பட ஆள் இல்லை.

இதெல்லாம் தொடங்கிய இடம் அமெரிக்கா இல்லை, லண்டன் என்பதை ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். 1956-இல் ஒயிட்சேப்பல் கேலரியில் நடந்த ஒரு கண்காட்சிக்காக ரிச்சர்ட் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய ஓவியர் அமெரிக்கப் பத்திரிகைகளிலிருந்து படங்களை வெட்டி ஒட்டி ஒரு வரவேற்பறையை உருவாக்கினார். கட்டுமஸ்தான ஓர் ஆள், கையில் பெரிய மிட்டாய், அதில் ‘பாப்’ என்ற எழுத்து. மறு ஆண்டு ஒரு கடிதத்தில் பாப் ஆர்ட்டின் குணங்களைப் பட்டியல் போட்டார்: மக்களுக்கானது, நிலைக்காதது, மலிவானது, கும்பலாக உற்பத்தியாவது, இளமையானது, பெரும் வணிகம் என்று போகும் அது. ‘பெயரில்லாதது’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கலாம்.

காமிக்ஸ் படங்களைப் பெரிதாக்கித் தீட்டிய அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் விஷயத்தில் நான் அவ்வளவு எளிதாக ஒரு பக்கம் சாய முடியவில்லை. அவருடைய ‘மூழ்கும் பெண்’ 1963-இல் வரைந்தது. அலைக்குள் கழுத்தளவு மூழ்கிய நீலக்கூந்தல் பெண், கண்ணீர். மூழ்கினாலும் மூழ்குவேனே தவிர பிராடை உதவிக்குக் கூப்பிட மாட்டேன் என்கிற வசனம். இந்தப் படத்துக்கு மூலம், 1962-இல் வந்த ஒரு காதல் காமிக்ஸின் பக்கம். வரைந்தவர் டோனி அப்ரூஸோ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மாலை முழுக்கப் பார்த்தேன். அப்ரூஸோவின் படத்தில் பின்னால் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. காதலன் அதைத் தொற்றிக்கொண்டிருக்கிறான். அவன் பெயர் மால். பெண்ணுக்குத் தசைப்பிடிப்பு என்று வசனத்திலேயே காரணம் இருக்கிறது. லிக்டன்ஸ்டைன் படகை எடுத்தார், காதலனை எடுத்தார், தசைப்பிடிப்பை எடுத்தார், ‘மால்’ என்ற பெயரை ‘பிராட்’ ஆக்கினார். மிஞ்சியது ஒரு பெண்ணும் தண்ணீரும் வீம்பும் மட்டுமே. அலையைச் சுருட்டிச் சுருட்டி ஜப்பானிய மரச்செதுக்கு ஓவியம் மாதிரி ஆக்கிவிட்டார். கூசாமல் சொல்கிறேன், லிக்டன்ஸ்டைனின் படம்தான் உயர்ந்த படம். வெட்டுகிற கை ஒரு பெரிய கை.

ஆனாலும் அந்த முகச்சாய்வு, கண்ணீர், அலையின் யோசனை எல்லாம் அப்ரூஸோவுடையவை. அவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கால காமிக்ஸ் கதைகளில் வரைந்தவர் பெயர் பெரும்பாலும் போடுவதில்லை. மலிவுத்தாளில் நான்கு மை வைத்து நிறம் காட்டுவதற்கு அச்சுக்கூடம் பயன்படுத்திய புள்ளிகள் இருக்கின்றனவே, 19-ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் டே என்பவர் கண்டுபிடித்தவை, அவற்றை லிக்டன்ஸ்டைன் துளையிட்ட தகடு வழியாகக் கையால் பெரிதாக்கி வரைந்தார். அச்சுக்கூடத்தில் புள்ளி தெரிந்தால் குறை. கித்தானில் தெரிந்தால் பாணி. 1964-இல் ‘லைஃப்’ பத்திரிகை, அமெரிக்காவின் மிக மோசமான ஓவியர் இவர்தானா என்று தலைப்புப் போட்டுக் கேட்டது. அந்தத் தலைப்பிலும் ‘இவர்’ லிக்டன்ஸ்டைன்தான். திட்டு வாங்கக்கூட அப்ரூஸோவுக்கு வாய்ப்பில்லை.

திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. வார்ஹோலின் ‘பூக்கள்’ வரிசைக்கு மூலமான செம்பருத்திப் படம் 1964-இல் ஒரு புகைப்பட இதழில் வந்தது. எடுத்தவர் பட்ரீஷியா கால்ஃபீல்ட். 1966-இல் அவர் வழக்குப் போட்டார், சமரசமாக முடிந்தது. அதன் பிறகு வார்ஹோல் தாமே எடுத்த போலராய்டு படங்களின் பக்கம் அதிகம் போனார். எல்லாவற்றுக்கும் பெரிய வழக்கு அவர் செத்த பிறகு வந்தது. பாடகர் பிரின்ஸை 1981-இல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த ஒரு புகைப்படத்தை, 1984-இல் ‘வானிட்டி ஃபேர்’ இதழ் 400 டாலர் கொடுத்து, ஓவியர் பார்த்து வரைய ஒரே ஒரு முறை பயன்படுத்த அனுமதி வாங்கியது. வார்ஹோல் ஒன்றோடு நிற்காமல் 16 படங்கள் செய்துவிட்டார். 2016-இல் பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் ஆரஞ்சு நிறப் படம் ஒன்று சிறப்பிதழ் அட்டைக்குப் போனது. வார்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு டாலர் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இப்படிப் போனால் கலை முன்னே நகராது என்று எதிர்த் தரப்பு நீதிபதி எலெனா கேகன் கடுமையாக எழுதினார். படித்தால் அவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே படும். எனக்கு என்னவோ, கலை முன்னே நகர்வதற்கு ஒரு புகைப்படக்காரரின் பெயரை அட்டையில் சின்ன எழுத்தில் போடுவது தடையாக இருக்கும் என்று தோன்றவில்லை.

சில சமயம் சக்கரம் எதிர்த்திசையிலும் சுற்றும். அமெரிக்க ஓவியர் ராபர்ட் இண்டியானாவின் ‘லவ்’ தெரியும்தானே, ‘ஓ’ மட்டும் சாய்ந்து நிற்கும் நான்கு ஆங்கில எழுத்து. 1965-இல் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கிறிஸ்துமஸ் அட்டைக்காகச் செய்தது. 1973-இல் 8 சென்ட் தபால்தலையாக வந்து 30 கோடிக்கும் மேல் அச்சானது. காப்புரிமையைப் பதிந்து வைக்காததால் உலகத்துக் கோப்பை, சாவிக்கொத்து, தலையணை உறை எல்லாவற்றிலும் ஏறியது. கலைஞர் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருந்தார். கடைத்தெருவிலிருந்து எடுத்ததைக் கடைத்தெரு திருப்பி எடுத்துக்கொண்டது.

இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் தன் முகத்தை நான்கு கட்டத்தில் நான்கு நிறத்தில் ஆக்கிக்கொள்ளலாம். நம் ஊர்ப் பனியன் கடையில் தொங்கும் தலைவர்கள், நடிகர்கள் முகங்களில் பாதி அந்தப் பாணியில்தான். அதை ‘பாப் ஆர்ட்’ என்று கடைக்காரருக்குச் சொன்னால் சிரிப்பார்.

வார்ஹோலை நான் திருடன் என்று சொல்லவில்லை. அவரே கூலிக்கு வரைந்த கையிலிருந்து வந்தவர். பிட்ஸ்பர்க்கில் ஏழைக் குடும்பம். இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் மிகோவா கிராமத்திலிருந்து குடியேறியவர்கள். 1949-இல் நியூயார்க் வந்து பத்து ஆண்டுக்கு மேல் செருப்பு விளம்பரமும் இசைத்தட்டு உறையும் வரைந்தார். அம்மா ஜூலியா, பழைய உணவு டப்பாக்களின் தகரத்தை வெட்டிப் பூ செய்து விற்றவர். 1952 வாக்கில் மகனோடு வந்து தங்கிக்கொண்டார்.

அம்மாவின் கையெழுத்து அழகு. கொடி மாதிரி சுருண்டு போகும். வார்ஹோல் தன் விளம்பரப் படங்களுக்கான வாசகங்களை அவரை எழுதச் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. எழுதிக் கொடுத்ததைக் கோலம் போடுகிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பார்த்து இழுப்பார். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போகும். மகன் திருத்த மாட்டார். 1954-இல் போட்ட பூனைப் படப் புத்தகத்தின் தலைப்பிலேயே ஓர் எழுத்து குறைகிறது, அப்படியே அச்சாகியிருக்கிறது. பல படங்களில் ‘ஆண்டி வார்ஹோல்’ என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. பின்னாளில் அம்மா சோர்ந்துபோன நாட்களில், உதவியாளர் நேதன் க்ளக் அம்மாவின் எழுத்தைப் பார்த்துப் பழகி, அதே மாதிரி எழுதிக் கொடுத்தார்.

மூன்டாக் என்ற தெருப்பாடகரின் இசைத்தட்டு உறை ஒன்று 1957-இல் வந்தது. அதில் படமே கிடையாது. மேலிருந்து கீழ்வரை அம்மாவின் எழுத்து மட்டும், ஆற்றுநீர் மாதிரி. அடுத்த ஆண்டு அமெரிக்க வரைகலைக் கழகம் அதற்கு ஒரு விருது கொடுத்தது. விருதில் வடிவமைப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆண்டி வார்ஹோலின் அம்மா’ என்று இருந்தது.